வரி கட்டுவது கடைக்கு. வரைபடத்தில் இருப்பது வீடு!



ஓராண்டில் நாம் எத்தனை அலுவலகங்களுக்குப் பணம் கட்டுகிறோம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்ப்போம். மாநகராட்சிக்கு வணிகக் கட்டட வீதத்தில் சொத்து வரி. அதே மாநகராட்சிக்குத் தொழில் உரிமக் கட்டணம், தொழில் வரி. மின்வாரியத்துக்கு வணிக இணைப்புக்கான கட்டணம். ஜி.எஸ்.டி. உண்ணும் பொருள் விற்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம். தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரைக் கட்டணம். இத்தனை பேரும் நம்மைக் கடைக்காரர் என்று ஒப்புக்கொண்டு ரசீது கொடுக்கிறார்கள்.

ஆனால் சி.எம்.டி.ஏ. என்று நாம் சொல்லும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தைப் பார்த்தால், நம்மில் பலருடைய கடை இருக்கும் மனை 'குடியிருப்பு' என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வரைபடத்தின் கண்ணில் நாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கவில்லை. யாரோ ஒருவருடைய வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறோம்! நாம் கட்டும் எந்த வரியும் எந்த ரசீதும் இதை மாற்றாது. வரி செலுத்தியதாலேயே நிலப் பயன்பாடு சட்டப்படி மாறிவிடாது என்பதை நம் உறுப்பினர்கள் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சென்னைக்கான முதல் முழுமைத் திட்டம் 1975-இல் வந்தது. இரண்டாவது திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, 2026-ஐ இலக்கு ஆண்டாகக் கொண்டது. மூன்றாவது திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. முதல் திட்டத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே 33 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆகவே, மூன்றாவது வரைபடத்தில் நம் தெரு என்னவென்று எழுதப்படுகிறதோ, அதுதான் இன்று கடையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு நடு வயது வரை தலையெழுத்து.

வீடுகளுக்காகப் பிறந்த ஊர்

அசோக் நகர் வீட்டு வசதி வாரியம் திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்பு. நூறடிச் சாலை ஓரத்துத் தூணைச் சுற்றி அகலமான அவென்யூக்கள், குறுக்குத் தெருக்கள், நடுத்தரக் குடும்பங்களுக்கான வீடுகள் என்று வகுத்த ஊர். திட்டம் போட்டவர்கள் வீட்டை நினைத்தார்கள். அந்த வீட்டுக்குப் புளியும் பருப்பும் எங்கிருந்து வரும் என்பதைக் குறைவாக நினைத்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்த பிறகு மளிகைக் கடை வந்தது. மருந்துக் கடை, தையல் கடை, எலக்ட்ரிகல் கடை, பாத்திரக் கடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. யாரும் இரவோடு இரவாக ஆக்கிரமித்த கடைகள் அல்ல இவை. அந்த வீட்டு உரிமையாளர்களே முன்பக்க அறையை இடித்து ஷட்டர் போட்டு, அட்வான்ஸ் வாங்கி நமக்கு வாடகைக்கு விட்ட கடைகள்.

பிறகு ஊரே மாறியது. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது அசோக் நகர் நிலையமும் திறக்கப்பட்டது. தனி வீடுகள் அடுக்ககங்களாயின. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, உயரமல்லாத கட்டடங்களுக்கான தளப் பரப்புக் குறியீடு ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்ந்தது. அதாவது ஒரு கிரவுண்டு மனையில் முன்பு 3,600 சதுர அடி கட்டியவர், இப்போது 4,800 சதுர அடி கட்டலாம். நமக்குத் தெரிந்த உதயம் திரையரங்கும் 2024-இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. இத்தனை மாற்றத்துக்கும் விதி வளைந்து கொடுத்திருக்கிறது. தெருவோரக் கடைக்காரனின் மனைக்கு மட்டும் பழைய பெயரே நீடிப்பது என்ன நியாயம்?

குடியிருப்பு மண்டலத்திலும் அன்றாடத் தேவைக்கான சிறு கடைகளுக்கு அளவு வரம்போடு இடம் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கடை வளர்ந்து, பக்கத்து அறையையும் சேர்த்து, மாடியில் சரக்கு ஏற்றிய நாளிலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறோம். வியாபாரம் பெருகினால் சட்டத்துக்கு வெளியே போய்விடுவோம் என்பதுதான் இன்றைய நிலை.

ரிப்பன் மாளிகையா, எழும்பூரா?

இந்தக் குறையைச் சொல்ல நாம் வழக்கமாக வார்டு உறுப்பினரிடம் ஓடுகிறோம். அவரும் ஆவன செய்வதாகச் சொல்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கையில் சாவி இல்லை. 1992-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையில் உள்ளாட்சிகளுக்குத் தரத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. அதில் முதலாவது நகரத் திட்டமிடல். இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல். பட்டியலில் முதலிரண்டு இடம் கிடைத்ததே தவிர, சென்னையில் நிலப் பயன்பாட்டை முடிவு செய்யும் அதிகாரம் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி சி.எம்.டி.ஏ.விடமும் அரசிடமும்தான் இருக்கிறது. 200 வார்டுகள் கொண்ட மாமன்றம் தீர்மானம் போடலாம், பரிந்துரைக்கலாம். வரைபடத்தில் ஒரு கோட்டை அதனால் நகர்த்த முடியாது.

எனவே ரிப்பன் மாளிகைக்குக் கொடுக்கும் மனுவின் நகல் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைக்கும் போக வேண்டும். வார்டு உறுப்பினரின் ஆதரவு நமக்குத் தேவைதான். அந்த ஆதரவு எழுத்து வடிவில் சி.எம்.டி.ஏ. கோப்பில் சேர்ந்தால்தான் பயன்.

மன்னிப்பை நம்பிப் பட்ட பாடு

'எப்படியும் வரன்முறை செய்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நம்பியவர்கள் பட்ட பாட்டை தியாகராய நகரில் போய்க் கேட்க வேண்டும்.

1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28 வரை விதி மீறிக் கட்டியவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்யலாம் என்றது அது. ஒரே ஒரு முறைக்கான சலுகை என்ற அடிப்படையிலேயே உச்ச நீதிமன்றம் 2000-இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தத் தேதியை 2002 வரை தள்ளிக்கொண்டே போனார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் பின்னால் வந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2007-இல் நடவடிக்கையை நிறுத்திவைக்க அவசரச் சட்டம் வந்தது. 2011 அக்டோபர் இறுதியில் அரங்கநாதன் தெருவிலும் அதைச் சுற்றியும் தீபாவளி முடிந்த கையோடு கடைகளுக்கு சீல் விழுந்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதிக்கும் வரை, பொங்கல் சரக்கு உள்ளே, வியாபாரி வெளியே! அதே ஆண்டில் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்காக 113-சி என்று இன்னொரு பிரிவு வந்தது. அதற்கான விதிகள் வெளிவர மேலும் ஐந்தாண்டுகள் ஆயின.

இந்த நீண்ட கதையில் நமக்குப் புலப்படுவது ஒன்றுதான். மன்னிப்பு என்பது உரிமை ஆகாது. கொடுத்தவரே திரும்ப எடுக்கலாம், நீதிமன்றம் தடுக்கலாம், வழக்குப் போட்டவர் விடாமல் துரத்தலாம். பெரிய கடைக்காரர் வக்கீலை வைத்து டெல்லி வரை போனார். அந்தக் கட்டடங்களில் ஒரு ஷட்டர் மட்டும் வாடகைக்கு எடுத்திருந்த சிறு வியாபாரி எங்கே போவார்?

விதி ஏன் இருக்கிறது?

விதிகளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2008 செப்டம்பர் 1 அன்று அரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் பிடித்த தீயில் இரண்டு ஊழியர்கள் உயிரிழந்தார்கள். 2017 மே 31 அன்று தெற்கு உஸ்மான் சாலையில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று தீப்பிடித்து, ஒரு நாளைத் தாண்டியும் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, மீதியை இடிக்க வேண்டியதாயிற்று. அக்கம்பக்கத்துக் கடைகளும் நாள் கணக்கில் மூடிக்கிடந்தன. கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி தீயணைப்பு வண்டி நுழைவதற்கான வழி. அந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கார்ட்டன் பெட்டி அடுக்குகிறவர், தன் சரக்குக்கும் தன்னிடம் வேலை பார்க்கும் பையன்களுக்கும் தானே வழியை அடைக்கிறார்.

2015-இலும் 2021-இலும் வந்த மழையில் நம் பகுதி தண்ணீரில் நின்றது யாருக்கும் மறந்திருக்காது. வடிகால் மேல் சிமென்ட் பலகை போட்டுப் படிக்கட்டு கட்டியதில் வீட்டுக்காரர்களுக்குப் பங்கு உண்டென்றால், நமக்கும் உண்டு. ஆகவே 'நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம்' என்பது வேறு, 'கட்டடத்தை எப்படிக் கட்டலாம்' என்பது வேறு என்று பிரித்துப் பேசுவோம். முதலாவதில் நாம் மாற்றம் கேட்கிறோம். இரண்டாவதில் சலுகை கேட்கவில்லை.

டெல்லியில் நடந்தது

நம்மைப் போன்றவர்களுக்கு டெல்லியில் 2006-ஆம் ஆண்டு வந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவால் குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்கு சீல் வைக்கும் வேலை தொடங்கியது. கடையடைப்பு, மறியல், கலவரம், உயிர்ச்சேதம் எல்லாம் நடந்தன. இறுதியில் மத்திய அரசு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களைக் கலப்புப் பயன்பாட்டுத் தெருக்களாகவும் வணிகத் தெருக்களாகவும் அறிவித்தது. 2007 பிப்ரவரியில் வந்த டெல்லி முழுமைத் திட்டத்திலேயே அதற்கு இடம் வைத்தார்கள். மாற்றுக் கட்டணமும் நிர்ணயித்தார்கள். அதோடு பிரச்சினை தீர்ந்ததா? 2017 டிசம்பரில் மறுபடியும் சீல் வைப்பு தொடங்கியது. அம்முறை பல கடைகள் சிக்கியது மாற்றுக் கட்டணம் கட்டாமல் விட்ட காரணத்துக்காக.

தனித்தனி மனையாகக் கெஞ்சுவதைவிட, முழுத் தெருவுக்கும் திட்டத்திலேயே இடம் வாங்குவதுதான் நிலைக்கும் என்பதை டெல்லி காட்டுகிறது. அப்படி வாங்கிய பிறகு அதன் நிபந்தனைகளை நிறைவேற்றி ரசீதைப் பத்திரப்படுத்தாவிட்டால் ஷட்டர் மறுபடியும் இறங்கும் என்பதையும் அதே டெல்லிதான் காட்டுகிறது.

நம் ஊரிலேயும் திட்டமிட்டு வணிகத்துக்கு இடம் கொடுத்த முன்மாதிரி உண்டு. கொத்தவால் சாவடியின் நெரிசலிலிருந்து மொத்த வியாபாரத்தை மாற்ற சி.எம்.டி.ஏ. கட்டிய கோயம்பேடு மார்க்கெட் 1996-இல் திறக்கப்பட்டது. மொத்த வியாபாரம் அப்படி இடம் பெயரலாம். சில்லறை வியாபாரம் அப்படிப் பெயர முடியாது. கொத்தமல்லிக் கட்டுக்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் எந்த வாடிக்கையாளரும் கோயம்பேடு போகமாட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதே நம் தொழிலின் மூலதனம்.

வாடகை என்னும் முள்

நம்மில் சிலருக்குக் கசப்பாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு தெருவை வணிகத் தெருவாக அறிவித்தால் அதன் முதல் பலன் நமக்கு வருவதில்லை. மனை உரிமையாளருக்குப் போகிறது. மனை விலை ஏறும். வாடகை ஏறும். முப்பதாண்டுகளாக அரிசிக் கடை வைத்திருப்பவரை எழுப்பிவிட்டு, பெரிய நிறுவனத்தின் கிளைக்கு மூன்று மடங்கு வாடகையில் கொடுக்க எந்த உரிமையாளருக்கும் ஆசை வரும். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வாடகைதாரர்கள். நாம் போராடி வாங்கும் மாற்றமே நம்மை வெளியேற்றும் மாற்றமாக முடியக்கூடாது.

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எழுத்துபூர்வமான ஒப்பந்தம் கட்டாயம். அதைப் பதிவும் செய்ய வேண்டும். வாய்ப்பேச்சில் 'அண்ணாச்சி, நீங்க பாட்டுக்கு நடத்துங்க' என்று சொன்ன காலம் போய்விட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் பாதுகாப்பும் ஏறத்தாழ முடிந்துவிடும். ஆகவே வரைபடம் மாறும் முன்பே, வாடகை உயர்வு எத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்து, நீண்ட கால ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். இதற்குச் செலவாகும் பணம் வீண் செலவு அல்ல.

நாம் கேட்பது

குடியிருப்போர் நலச் சங்கத்தினர் நம்மை எதிரிகளாகப் பார்க்கும் நிலை சில தெருக்களில் இருக்கிறது. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாசலில் வண்டி நின்றால் நோயாளியை எப்படி வெளியே கொண்டு போவது? இரவு பதினோரு மணிக்கு லாரியிலிருந்து சரக்கு இறக்கினால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை என்ன செய்யும்? அவர்களே நம் வாடிக்கையாளர்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டு பெறும் எந்த மாற்றமும் நமக்குச் சோறு போடாது. இதையெல்லாம் கருத்தில் கொண்டே கீழ்க்கண்ட கோரிக்கைகளை நம் சங்கத்தார் முன் வைக்கிறோம்.

ஒன்று: தெருவின் அகலத்தை அளவுகோலாக வைக்க வேண்டும். அகலமான அவென்யூக்களில் முழுத் தெருவையும் கலப்புப் பயன்பாடாகவோ வணிகமாகவோ அறிவிக்க வேண்டும். இன்று ஒரே தெருவில் பணம் செலவழித்து அலைந்தவருடைய மனை மட்டும் வணிகம், அடுத்த மனை குடியிருப்பு என்று இருப்பது முறையல்ல.

இரண்டு: குறுகிய உள் தெருக்களில் தரைத்தளத்தில் மட்டும் அன்றாடத் தேவைக் கடைகள் இருக்கட்டும். கிடங்கு, மண்டபம், மதுக்கூடம், எளிதில் தீப்பற்றும் சரக்கு அங்கே வேண்டாம். இதை நாமே முன்வந்து சொல்வோம்.

மூன்று: பல்லாண்டாக வரி ரசீதோடு நடக்கும் கடைகளைத் தெரு வாரியாகக் கணக்கெடுத்துப் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியலில் வாடகைதாரரின் பெயரும் இடம்பெற வேண்டும்.

நான்கு: மாற்றுக் கட்டணம் வாங்கினால், அது அதே வார்டில் வாகன நிறுத்துமிடத்துக்கும் வடிகாலுக்கும் செலவாக வேண்டும். ஆண்டுதோறும் கணக்கை வார்டு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

ஐந்து: வரைவு வரைபடத்தைத் தமிழில், கதவு எண் தெரியும் அளவில், ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் வைக்க வேண்டும். சர்வே எண்ணை மட்டும் போட்டால் எத்தனை கடைக்காரருக்கு அது தன் கடை என்று தெரியும்?

இன்றே செய்ய வேண்டியது

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானால், ஆட்சேபமும் ஆலோசனையும் எழுத்தில் தர குறைந்தது இரண்டு மாத அவகாசம் கொடுக்க வேண்டும் என்கிறது 1971-ஆம் ஆண்டுச் சட்டம். எந்த ஒரு நபரும் எழுதித் தரலாம். நிலத்துக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மாதம் என்பது நமக்குப் பண்டிகைச் சரக்கு எடுக்கும் பரபரப்பிலேயே ஓடிவிடும் காலம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்.

எனவே ஒவ்வொரு உறுப்பினரும் தம் கடை மனையின் சர்வே எண்ணை வீட்டு உரிமையாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து மனை எந்தப் பயன்பாட்டில் உள்ளது என்று பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். சொத்து வரி, தொழில் உரிமம், மின் கட்டணம் ஆகியவற்றின் பழைய ரசீதுகளை ஒரே கோப்பில் சேருங்கள். தெருவுக்கு இரண்டு பேர் பொறுப்பேற்று, கடைகளின் பட்டியலைத் தயாரியுங்கள். பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கத்தாரை அழைத்து, வண்டி நிறுத்தும் இடத்தையும் சரக்கு இறக்கும் நேரத்தையும் பேசி எழுதிக் கையெழுத்திடுங்கள். இரு தரப்பும் சேர்ந்து கொடுக்கும் மனுவைத் தட்டிக்கழிப்பது எந்த அதிகாரிக்கும் எளிதல்ல.

கடைசியாக ஒன்று. மாடிப்படியில் அடுக்கிய அட்டைப் பெட்டியை நாளைக் காலை எடுத்துவிடுங்கள். அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. அளவெடுக்க வரும் அதிகாரி முதலில் பார்ப்பது அந்தப் படிக்கட்டைத்தான்.